உங்கள் கடைக்கணக்கை நம் பிள்ளைகளிடம் கொடுங்கள்

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் கடை நடத்தும் அண்ணாச்சிமார்களே, கல்லாவில் அமரும் அக்காமார்களே,

கல்லாவில் பத்து ரூபாய் நோட்டு தீர்ந்துபோன ஒரு பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதும் இருபதும்தான் கிடக்கின்றன. வந்தவருக்கு 60 ரூபாய் மீதி தர வேண்டும். உங்கள் கை ஐம்பதைத் தொடவே தொடாது. மூன்று இருபதை எண்ணி நீட்டிவிடும். யோசிக்கக்கூட மாட்டீர்கள். இதே வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, "பெரிய நோட்டிலிருந்து தொடங்கு, எத்தனை போகுமோ அத்தனை எடு, மிச்சத்துக்கு அடுத்த நோட்டைப் பார்" என்றுதான் முதலில் எழுதும். 70 ரூபாய்க்கு அது சரியாக வரும். 120க்கும் வரும். 60 என்று கொடுத்தால் ஐம்பதை எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பத்துக்கு வழியில்லாமல் நின்றுவிடும்.

அந்த இடத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவன், பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதியதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை, கணினி எந்தத் தவறும் காட்டவில்லை, ஆனாலும் விடை தப்பு. யோசித்த முறையே தப்பு என்று அப்போதுதான் அதற்கு உறைக்கிறது. பிறகு தானாகவே மேலே போகும். ஐம்பதையும் இருபதையும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்தத் தொகையைத் தரவே முடியாது என்று கேட்டால், சின்ன நிரல் ஒன்றை ஓட்டி, பத்தும் முப்பதும் மட்டும்தான் என்று சொல்லும். ஏன் என்று கேட்டால் கொஞ்ச நேரம் தாளில் கிறுக்கிவிட்டு, "நாற்பதும் தரலாம், ஐம்பதும் தரலாம், அதற்கு மேல் இருபது இருபதாகக் கூட்டிக்கொண்டே போனால் பத்தின் மடங்கு எல்லாம் வந்துவிடும் சார்" என்று விளக்கும். கணித நூல்களில் ஃப்ரோபீனியஸ் என்ற ஜெர்மானியரின் பெயரால் வழங்கும் கணக்கு இது. பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கு உங்களுடையது, உங்கள் கல்லாவிலிருந்து வந்தது.

இதுபோல எத்தனையோ கணக்குகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகளுக்குக் கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேரளத்துப் பள்ளிகளில் கணினிக் கல்வி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பள்ளிக் கணினிக் கல்விக்கென்று பூஜப்புரையில் இருக்கும் கைட் நிறுவனம் 2018இல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. உயர்நிலை வகுப்புப் பாடத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. பாடநூல் தமிழிலும் கிடைக்கிறது. பள்ளிக் கணினிகளில் ஓடுவது காசு கொடுத்து வாங்க வேண்டாத கட்டற்ற மென்பொருள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியக் கிளை 2001 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டதே நம் திருவனந்தபுரத்தில்தான். கருவி, பாடநூல், ஆசிரியர் எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் இல்லை. பிள்ளை தீர்ப்பதற்கு ஓர் உண்மையான கணக்கு இல்லை.

இப்போது அவர்களுக்குக் கிடைப்பது என்ன? திரையில் ஓர் ஆமையை நகர்த்திச் சதுரம் வரைவார்கள். நட்சத்திரக் குறியை முக்கோணமாக அடுக்குவார்கள். ஒன்று முதல் நூறு வரை பகா எண்களைப் பட்டியலிடுவார்கள். இவையெல்லாம் தேவைதான், நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் தேறியவர்கள் உலகப் புதிர்களுக்குப் போகிறார்கள். 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் நாளுக்கொன்றாக வெளிவரும் 'அட்வென்ட் ஆஃப் கோட்' புதிர்கள் அருமையானவை. எந்த நிரல்மொழியிலும் தீர்க்கலாம், யாருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் அவை கிறிஸ்துமஸ் தாத்தாவின் குட்டித் துணைவர்களுக்கு வரும் சிக்கல்கள். கதையைப் புரிந்துகொள்ளவே நம் பிள்ளைக்கு அரை மணி நேரம் ஆகிறது. விடை கண்டுபிடித்தால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். அந்த விடையால் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை. வேலைக்கான நேர்முகத் தேர்வுப் புதிர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் இன்னொரு பாடமாக அவை மாறிவிட்டன.

பிள்ளைக்கு வேண்டியது, விடை சரியா தப்பா என்பது உண்மையிலேயே பொருட்டாக இருக்கும் ஒரு மனிதர். அந்த மனிதர் நீங்கள்தான்.

இங்கே உங்கள் மேல் எனக்குள்ள மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. உங்களில் பலர் பிள்ளை கடைப்படி ஏறினாலே, "இங்கே உனக்கென்ன வேலை, போய்ப் படி" என்று விரட்டுகிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்து, பலசரக்கு மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்து, இந்தக் கடையை நிமிர்த்தியவர்கள் நீங்கள், அல்லது உங்கள் அப்பாமார். அந்தப் பாடு பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைக்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் கடையின் பாட்டோடு கடையின் அறிவையும் பிள்ளைக்கு மறைத்துவிட்டீர்கள். 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்குக்கு இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் பெரிய கடைக்குச் சரக்கிருப்புக் கணக்கு எழுதித் தருகிறார்கள். தன் அப்பாவின் சிட்டையை ஒருமுறைகூடப் படித்துப் பார்த்திராத பிள்ளை, கண்ணால் காணாத ஒருவரின் சிட்டைக்கு நிரல் எழுதுகிறது. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

நிரல் என்றதும் லட்ச ரூபாய் மென்பொருள், வருடச் சந்தா, ஆள் வந்து பொருத்தும் பெட்டி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். நான் பேசுவது சின்ன நிரல்மொழிகளைப் பற்றி. பத்து வரியில் ஒரு வேலை முடியும், பழைய கணினியே போதும். 1977இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் 'ஆக்' என்ற மொழியைச் செய்தார்கள். வரி வரியாக இருக்கும் பட்டியலைப் படித்து, வேண்டியதைப் பொறுக்கிக் கூட்டித் தருவதுதான் அதன் வேலை. உங்கள் பற்று நோட்டும் வரி வரியான பட்டியல்தானே? 1993இல் பிரேசிலின் ரியோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 'லுவா' பிறந்தது. அங்கே அதற்குச் சற்று முன்புவரை வெளிநாட்டு மென்பொருள் வாங்க ஏகப்பட்ட கட்டுப்பாடுகள்; தங்கள் நாட்டு எண்ணெய் நிறுவனத்தின் வேலைக்குத் தாங்களே ஒரு சின்ன மொழியைச் செய்துகொண்டார்கள். இன்று உலகமெங்கும் கணினி விளையாட்டுகளுக்குள் அது ஓடுகிறது.

தமிழிலும் அப்படி ஒன்று உண்டு. முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட 'எழில்' என்ற மொழி. பைத்தானின் மேல் கட்டப்பட்டது, பிள்ளைகளுக்காகவே செய்யப்பட்டது. நோட்டுக் கணக்கின் கடைசி வரிகளை அதில் எழுதினால் இப்படி இருக்கும்:

@( மீதி > 0 ) ஆனால்
    பதிப்பி "சில்லறை போதாது"
முடி

படித்தால் உங்களுக்கே புரிகிறதல்லவா? வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைக்கு, யோசனையைத் தாய்மொழியிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம் என்பது தரும் துணிச்சல் சாதாரணமானதல்ல. எழிலில் தொடங்குகிறவர்கள் பைத்தானுக்குத் தாவ அதிக நாள் ஆவதில்லை. ஆறாம் வகுப்பிலேயே எழிலில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சரி, நான் எதைக் கேட்கிறேன் என்பதைச் சில கணக்குகளைக் கொண்டே காட்டுகிறேன்.

உங்கள் பழைய பேரேடுகளைப் பரணில் வைத்திருப்பீர்கள். சில கடைகளில் சமஸ்தானக் காலத்து ஏடுகளே இருக்கின்றன. ராஜா கேசவதாசர் திவானாக இருந்த பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருவான இந்தக் கடைத்தெருவில் நெடுங்காலம் புழங்கியது திருவிதாங்கூர் நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், அல்லது 448 காசு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் பிரிட்டிஷ் ரூபாய். அதற்கு 16 அணா. அங்கிருந்து வரும் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இங்கே 28 சக்கரம் 8 காசு மதிப்பு. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே நாள் முழுக்க மனத்தாலேயே மாற்றிக்கொண்டிருந்தார்.

இதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து 5 ரூபாய் 6 அணா வந்திருக்கிறது, இங்கே எவ்வளவு? தசமத்தில் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை தடுமாறும். எல்லாவற்றையும் முதலில் ஆகச் சிறிய அளவுக்குக் கொண்டுவா என்று ஒரு வார்த்தை சொன்னால் வழி திறந்துவிடும். ஒரு பிரிட்டிஷ் ரூபாய் 456 காசு. 5 ரூபாய் 6 அணா என்பது 2,451 காசு. அதை 16ஆல் வகுத்தால் 153 சக்கரம், மிச்சம் 3 காசு. 153 சக்கரத்தை 28ஆல் வகுத்தால் 5 ரூபாய், மிச்சம் 13 சக்கரம். அதை நான்கால் வகுத்தால் 3 பணம், மிச்சம் 1 சக்கரம். ஐந்து ரூபாய், மூன்று பணம், ஒரு சக்கரம், மூன்று காசு. வகுத்து ஈவை எடு, மிச்சத்தை அடுத்த படிக்கு அனுப்பு. ஏழெட்டு வரி நிரல். நொடியை மணியாக்குவதும், கிராமை மூட்டையாக்குவதும், பெட்டியை லாரி லோடாக்குவதும் இதே ஏழெட்டு வரிதான். இதைச் சக்கரத்தில் கற்றுக்கொண்ட பிள்ளை பின்னால் எதிலும் மறக்காது. அதோடு தாத்தாவின் ஏட்டையும் படிக்கத் தெரிந்துகொள்ளும்.

அடுத்தது சரக்குப் பட்டியல். உங்கள் கடையில் உள்ள பொருள்களைத் தமிழில் அகரவரிசைப்படுத்தக் கணினியிடம் சொல்லுங்கள். புளியை முதலிலும் புழுங்கலரிசியை அதற்குப் பின்னாலும் வைக்கும். அகராதியைத் திறந்து பாருங்கள்; ழகரம் முன்னால், ளகரம் பின்னால். கணினிக்குள் தமிழ் எழுத்துகளுக்கு இட்டிருக்கும் எண்வரிசையில் ள முந்திக்கொண்டிருக்கிறது. சாதாரண நிரல் அந்த எண்ணைத்தான் பார்க்கும், நெடுங்கணக்கைப் பார்க்காது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. திருப்பி எழுதச் சொன்னால் புள்ளியைக் கொண்டுபோய் முதலில் வைக்கும். இதைச் சரியாகச் செய்வதற்கென்றே ஆர்வலர்கள் 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்துமுன், பிள்ளை தானே ஒருமுறை முட்டி மோதி எழுதிப் பார்க்க வேண்டும். ஆங்கிலப் புதிர்களை மட்டும் தீர்த்து வளரும் பிள்ளைக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாமல் போய்விடும். நாளைக்கு அது எழுதும் மென்பொருளில் உங்கள் பெயர் உடைந்துதான் தெரியும்.

பெயர் என்றதும் உங்கள் பற்றுக் கணக்கு நினைவுக்கு வருகிறது. முருகன் என்ற பெயரை இங்கே ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'கே' போட்டு எழுதுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து வரும் பில்லில் 'ஜி' இருக்கும். ஆள் ஒருவர், கணக்கு இரண்டு. நீங்கள் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நிரல் அதை எப்படிக் கண்டுகொள்ளும்? எந்த எழுத்தை எதற்குச் சமமாக வைக்கலாம், எங்கே வைத்தால் இரண்டு வேறு ஆட்கள் ஒன்றாகிவிடுவார்கள்? இதற்கு முடிந்த முடிவான விடை கிடையாது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் பிள்ளைக்கு விதிகள் கிடைக்கும்.

காலண்டர் இன்னொரு சுரங்கம். ஓணத்துக்குச் சரக்கு எடுக்கும்போது உங்களுக்குச் சிங்ஙம் என்ற மலையாள மாதக் கணக்கு, ஊரில் ஆடிக்கொடைக்கும் கார்த்திகைக்கும் தமிழ் மாதக் கணக்கு. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டைக் கண்டுபிடிக்க 825ஐக் கழித்தால் போதும் என்பார்கள். ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் பிறந்துவிட்டால் 824ஐக் கழிக்க வேண்டும். ஆவணியும் சிங்ஙமும் ஒரே மாதம்தான், ஆனால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாகப் பிறக்கும். சூரியன் ராசி மாறும் நேரம் பொழுது சாய்வதற்கு முன்பு என்றால் தமிழ்க் கணக்கில் அன்றே மாதப் பிறப்பு. மலையாளக் கணக்கில் அது விடிந்து 18 நாழிகைக்குள், அதாவது பகல் ஒரு மணியளவுக்குள் நடந்திருக்க வேண்டும், தாண்டிவிட்டால் மறுநாள்தான். ஒரே வானம், ஒரே சூரியன், விதியில் ஒரு நிபந்தனை மட்டும் மாறுகிறது. நிரலில் 'ஆனால்', 'இல்லை' என்று எழுதுவதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. இரண்டு காலண்டரையும் ஒரே சுவரில் மாட்டி வைத்திருப்பவர்கள் நீங்கள்.

சின்னக் கணக்கு ஒன்றும் சொல்கிறேன். 50 கிலோ சீரக மூட்டையை 100 கிராம் பொட்டலமாகக் கட்டினால் 500 வர வேண்டும். கட்டுகிற பையன் கை தாராளம். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் கூடப் போகிறது. எத்தனை பொட்டலம் வரும்? 495. கீழே 5 கிராம் மிஞ்சும். பிள்ளைக்கு இது வெறும் வகுத்தல். உங்களுக்கு ஐந்து பொட்டலத்தின் காசு. இதையே கொஞ்சம் வளர்த்து, ஒரு கிராம் கூடுவதும் அரை கிராம் குறைவதுமாகக் கை தடுமாறினால் என்ன ஆகும் என்று கேட்டால், பிள்ளை புள்ளியியலுக்குள் நுழைந்துவிடும். வாசலில் நிறுத்தி அது புள்ளியியல் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டிய தேவையே இல்லை.

உங்களில் சிலர் என்னிடம் நேரில் சொன்ன தயக்கங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கடைக்கணக்கை வெளியே காட்டுவதா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. காட்ட வேண்டாம். யார் பெயரும் வேண்டாம், உண்மையான விலையும் வேண்டாம். எண்ணை மாற்றிவிடுங்கள், பெயரை எடுத்துவிடுங்கள். சிக்கல் மட்டும் அப்படியே இருக்கட்டும். வாடிக்கையாளரின் விவரத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது என்பதில் உங்களைவிட நான் பிடிவாதக்காரன்.

வரி கட்டுவதற்குத்தான் பில் போடும் மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறோமே, இது எதற்கு என்றும் கேட்டீர்கள். அந்த மென்பொருள் தனக்குத் தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும். ஓணத்துக்கு வாங்கிவிட்டுத் தீபாவளிக்குப் பிறகே தீர்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தோன்றும் கேள்வியை அதில் எந்தப் பொத்தானை அழுத்திக் கேட்பீர்கள்? ஒரு சின்ன நிரலில் அதைக் கேட்கலாம். இதனால் லாபம் பெருகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. சில சமயம் பயனுள்ள நிரல் ஒன்று உங்களுக்கு மிஞ்சும், சில சமயம் மிஞ்சாது. நான் கேட்பது பிள்ளைக்காக.

இன்னொன்று, இப்போது இயந்திரமே நிரல் எழுதித் தருகிறதே, பிள்ளை எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது. உண்மைதான், கேட்டால் எழுதித் தருகிறது, நன்றாகவே எழுதுகிறது. ஆனால் கிடைத்த நிரலை நம்பிக் கடையில் வைக்கலாமா என்று தீர்மானிக்க யாராவது வேண்டும். எந்தத் தொகையைக் கொடுத்துச் சோதித்தால் குட்டு வெளிப்படும் என்பது, தானே எழுதி ஒருமுறை மாட்டிக்கொண்ட பிள்ளைக்குத்தான் தோன்றும். அந்தச் சந்தேக புத்தியைக் கைப்பழக்கத்தால்தான் ஊட்ட முடியும். அதோடு, என்ன கேட்க வேண்டும் என்பதை எந்த இயந்திரமும் உங்கள் கடைக்குள் வந்து பார்த்துச் சொல்லாது.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாரத்தில் ஒரு மணி நேரம்தான். செல்பேசியில் போகும் நேரத்தில் ஒரு மணியை எடுத்து பிள்ளையை உங்கள் அருகில் உட்கார வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். பெண்பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். கடைப்பக்கம் பெண்பிள்ளை வரக்கூடாது என்ற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கடையின் கணக்கை மறுப்பது பெரிய அநியாயம்.

இனி நேரடியாகக் கேட்டுவிடுகிறேன்.

கடைக்கு ஒரு கணக்கு வேண்டும். ஒரு தாளில், தமிழில், நீங்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். எது உங்களுக்குத் தலைவலி, எதை இன்னும் மனக்கணக்காகப் போடுகிறீர்கள், எங்கே அடிக்கடி பிசகுகிறது என்று எழுதினால் போதும். எழுத நேரமில்லை என்றால் பிள்ளையிடம் வாயால் சொல்லுங்கள், அது எழுதிக்கொள்ளும். சாலையில் தமிழ்வழி அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளும், மலையாள, ஆங்கில வழிகளில் படித்து வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் உங்கள் கடைகளைத் தாண்டித்தான் தினமும் போய்வருகிறார்கள். கடையில் சும்மா கிடக்கும் பழைய கணினியை ஆக்ரிக்குப் போடாமல் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் அதுவும் உதவி.

கணக்கைக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. இதைத்தான் மிகவும் வற்புறுத்திக் கேட்கிறேன். பிள்ளை விடையோடு திரும்பி வரும்போது நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். "கெட்டிக்காரன்" என்று தலையில் தட்டி அனுப்பிவிடாதீர்கள். கல்லாவில் கொடுக்கல் வாங்கலைச் சரிபார்க்கிற அதே கண்டிப்போடு பாருங்கள். தப்பென்றால் தப்பு என்று சொல்லுங்கள், ஏன் தப்பு என்றும் சொல்லுங்கள். "மழைக்காலத்தில் வெல்லம் எடை மாறும், அதை நீ சேர்க்கவில்லை" என்று நீங்கள் சொல்கிற ஒரு வரியைச் சொல்ல எந்த ஆசிரியராலும் முடியாது. திருத்திக்கொண்டு மறுபடி வரச் சொல்லுங்கள். மூன்றாவது முறை வந்தாலும் சலித்துக்கொள்ளாதீர்கள்.

தொடங்குவதற்கு ஒரு நாளும் சொல்கிறேன். நவராத்திரிக்குக் குமரி மாவட்டத்து வேளிமலையிலிருந்து குமாரசுவாமி புறப்பட்டு வந்து நம் ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குகிறார். அந்த நாள்களில் நீங்கள் கணக்குப் புத்தகத்தையும் தராசையும் பூஜையில் வைக்கிறீர்கள், விஜயதசமியன்று எடுக்கிறீர்கள். அன்றுதான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதும். இந்த விஜயதசமியன்று கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், உங்கள் கடையின் கணக்கு ஒன்றை ஒரு தாளில் எழுதி, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிரல் கற்கும் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள். ஒரு வாரம் தவணை கொடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு அந்தப் பிள்ளையோடு அரை மணி நேரம் உட்காருங்கள்.